பிக் அப்: ஒரு வாக்கியம் குறைகிறது

மார்ச் 4

தம்பிக்கு,

‘தலை போற காரியம்னா மட்டும் போன் பண்ணு, மத்ததெல்லாம் எழுதிப் போடு’ என்று கத்திவிட்டுப் போனை வைத்தாய். சரி, எழுதிப் போடுகிறேன். தபாலாபீஸில் ஸ்டாம்ப் கேட்டால் கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். எல்லாம் உன்னால் வந்த வினை.

விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் அகராதியின் புதிய பதிப்பில் ‘பிக் அப்’ என்ற சொல்லிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். பார்த்தால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருக்கும். கீழே கிடப்பதைப் பொறுக்கினால் பிக் அப். மணி அடிக்கிற போனை எடுத்தால் பிக் அப். அடுத்தவரிடமிருந்து சளி தொற்றினாலும், கேட்டுக் கேட்டே ஒரு பாஷை வந்துவிட்டாலும், வருகிற வழியில் பால் பாக்கெட் வாங்கி வந்தாலும், வண்டி வேகம் பிடித்தாலும், படுத்துக் கிடந்தவர் தேறினாலும், ஸ்டேஷனுக்குப் போய் ஒருவரைக் கூட்டி வந்தாலும் அதே பிக் அப். அம்மாவிடம் சொன்னேன். “நம்ம அடுப்படித் துணி மாதிரியா? சட்டியையும் இறக்கும், மேடையையும் துடைக்கும், கையையும் துடைச்சுக்கலாம்” என்றாள். அகராதிக்காரி நானா அவளா என்று தெரியவில்லை.

எனக்கு வாக்கியங்கள் வேண்டும். நம் வீட்டு விதி உனக்குத் தெரியும். இங்கிலீஷ் வாக்கியத்துக்குக் கீழே நான் போடும் தமிழ் வரிகளை அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பாள். ஒவ்வொன்றுக்கும் “இது யாருக்கு நடந்துச்சு?” என்று கேட்பாள். யாருக்கும் நடக்கவில்லை என்றால் பேனாவால் ஒரே இழுப்பு. இட்டுக்கட்டின வாக்கியம் வாயில் ஒட்டாது என்பது அவள் கட்சி. நம் அகராதி விற்பதே அதனால்தான் என்று எடிட்டரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

முக்கியமாக அந்த ஸ்டேஷன் அர்த்தத்துக்கு ஒன்றுமே இல்லை. அம்மா யோசித்துப் பார்த்தாள். “நம்ம வீட்டுல யாரு யாரைப் போய்க் கூட்டிட்டு வந்தா? அவங்கவங்களே வந்து கதவைத் தட்டினதுதான்” என்றாள். உனக்கு யாராவது வந்திருந்தால் எழுது. வேகம் பிடிப்பதற்கு லிஃப்டை வைத்து ஒன்று எழுது. எடிட்டர் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

அகராதி பிடித்தவள் என்று ஊரில் சிலரைத் திட்டுவார்கள். நம் வீட்டில் அது திட்டு இல்லை, உத்தியோகம்.

நான் ஏன் கத்தினேன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? லிஃப்ட் கூண்டின் தலைமேல் குந்திக்கொண்டு கயிற்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். கீழே மாடி மாடியாக இருட்டு. பையில் போன் அதிர்கிறது. அம்மாவுக்குத்தான் ஏதோ என்று பதறி, கையெல்லாம் கிரீஸோடு எடுத்தால், “டேய், சளி ‘ஒட்டிக்கிச்சு’ன்னு சொல்வியா, ‘தொத்திக்கிச்சு’ன்னு சொல்வியா?” என்கிறாய். என் இடத்தில் நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அதற்கு முந்தின வாரம் ஒரு வயசானவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார், நீ ‘பொறுக்குதல்’ வேறு ‘எடுத்தல்’ வேறா என்று கேட்கிறாய். ஒவ்வொரு தடவையும் ‘தலை போற காரியம்டா’ என்றுதான் ஆரம்பிக்கிறாய். உனக்கு எத்தனை தலை?

இன்னொன்று. போன பதிப்பில் ‘கிவ் அப்’ என்பதற்கு என்ன வாக்கியம் போட்டாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ‘என் தம்பி மூன்று வேலைகளை விட்டுவிட்டான், நான்காவதையும் விடுவான்.’ எங்கள் சூப்பர்வைசர் மகள் அந்தப் புத்தகத்தைத்தான் படிக்கிறாள். அவர் ஆபீஸில் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டு, “என்னப்பா, நாலாவது எப்போ?” என்கிறார். மானம் கப்பலேறிவிட்டது. நான் இந்த வேலையை விடாமல் இருப்பதே உன் வாக்கியத்தைப் பொய்யாக்கத்தான்.

கேட்டதற்கு: ‘லிஃப்ட் இரண்டாம் மாடி தாண்டியதும் வேகம் பிடித்தது.’ நடந்தது. ஒவ்வொரு நாளும் நடப்பது. ஸ்டேஷனுக்கு என்னைக் கூட்டிப்போக யாரும் வந்ததில்லை. தோளில் பையைப் போட்டுக்கொண்டு மழையில் நடந்து வந்து கதவைத் தட்டியிருக்கிறேன். நீ திறந்து, “காலைத் துடைச்சுட்டு வா, சொல் சீட்டெல்லாம் தரையில காயுது” என்றிருக்கிறாய். அதை வேண்டுமானால் போட்டுக்கொள்.

இனி என்னைப் பற்றி ஒரு வரி அகராதியில் வரக்கூடாது. வார்த்தைக்காகப் போன் வரவே கூடாது. வந்தால் எடுக்கமாட்டேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

சொன்னதைச் செய்துவிட்டாய். எடுக்கமாட்டேன் என்றாய், எடுக்கவில்லை.

நடந்ததைக் கீழ்வீட்டுத் தையல்காரர் சொல்லியிருப்பார். அம்மா கூடத்தில் விழுந்தாள். நான் குளியலறையில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தால் மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் கிடக்கிறாள். கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “அவனைக் கூப்பிடு” என்றாள், அவ்வளவுதான். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உனக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். மணி போகிறது, போகிறது, நிற்கிறது. மறுபடி அடித்தேன். கடைசியில் ஒரு தடவை நீயே கட் பண்ணினாய்.

பிறகு ஜன்னல் வழியாக நான் கத்திய பிறகுதான் தையல்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அம்மாவை மெத்தையோடு சேர்த்து இறக்கினோம். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் ஆகி, பிளேட் வைத்து, இப்போது வீட்டில் கட்டிலில் இருக்கிறாள்.

விழுந்த அன்று சாயங்காலம் தையல்காரர் தன் போனிலிருந்து கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்தாயாமே. முகம் தெரியாத நம்பருக்கு எடுப்பாய், கூடப் பிறந்தவளுக்கு எடுக்கமாட்டாய். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவரிடம் சொன்னாயாம். ஞாயிறு வந்தது, போனது. அம்மா வாசல் பக்கமே தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அதற்கு நான் என்ன சொல்வது?

இந்தக் கடிதத்தில் வார்த்தை எதுவும் கேட்கவில்லை. கவனித்திருப்பாய்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

நீ மட்டும் யோக்கியமா? அன்றைக்கு ராத்திரியிலிருந்து நான் எத்தனை முறை கூப்பிட்டேன்? ஒரு தடவையாவது எடுத்தாயா? தையல்காரர் சொல்லித்தான் ஆபரேஷன் முடிந்ததே எனக்குத் தெரியும். அவர் பாவம், பேன்ட் வெட்டுவாரா, உனக்கும் எனக்கும் நடுவில் தூது போவாரா?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அன்றைக்கு நான் லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் இல்லை. கிரீஸ் கையும் இல்லை. ஒரு ஆபீஸ் கட்டடத்துக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் மேசைமேல்தான் இருந்தது. அக்கா கூப்பிட்டாள், பெயரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன வார்த்தையோ என்று எடுக்காமல் விட்டேன். திரும்பத் திரும்ப அடித்தபோது கூட வேலை செய்கிறவனிடம், “எங்க அக்காவுக்கு அர்த்தம் கிடைக்கலையாம்” என்று சிரித்தேன் அக்கா. சிரித்தேன். அப்புறம் கட் பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு கிளம்பினேன். டிக்கெட்டும் எடுத்தேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மா கேட்கப்போவது காதில் கேட்டது. “ஏன்டா எடுக்கலை?” அவளிடம் எனக்குப் பொய் வராது. யாருக்கும் வராது, பூதக்கண்ணாடியை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். உண்மையைச் சொன்னால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வண்டி போன பிறகு எழுந்து ரூமுக்கு வந்தேன்.

அவளிடம் என்ன சொல்லியிருக்கிறாய்? அதை மட்டும் எழுது. போனையும் எடு. உன் காலில் விழுகிறேன், எடு.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

அம்மாவிடம், நீ ஷாஃப்டுக்குள் இருந்தாய், சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். என் ஆயுளில் நான் இட்டுக்கட்டிய ஒரே வாக்கியம். அவள் நம்பிவிட்டாள். ‘பாவம், இருட்டுல என்ன கஷ்டப்பட்டானோ’ என்றாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இவள் இடுப்பு உடைந்து கிடக்கிறாள், உனக்குப் பாவமாம்.

போனை ஏன் எடுக்கவில்லை என்றால், எடுத்தால் திட்டுவேன். அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், உண்மை வெளியே வந்துவிடும். அதனால்தான். கொஞ்சம் கோபமும் உண்டு. நிறைய.

வீட்டு நிலவரம்: பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வருகிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போகிறாள், திரும்பி வரும்போது என்னைத் திட்டிக்கொண்டே வருகிறாள். உடம்பு தேறுகிறது என்பதற்கு வாக்கியம் கிடைத்துவிட்டது. நான் சமைத்து, துடைத்து, மருந்து கொடுத்து, மிச்ச நேரத்தில் அகராதி. நீ வந்தால் பத்து நாளாவது நிமிர்ந்து உட்காருவேன். கெஞ்சமாட்டேன்.

‘பிக் அப்’ பக்கத்தின் அச்சுப் புரூஃப் வந்தது. இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், பார். போன் எடுப்பதற்கான அர்த்தத்துக்கு நல்ல வாக்கியம் அமைந்துவிட்டது. எடிட்டர்கூட இதுதான் இந்தப் பக்கத்திலேயே உயிருள்ள வாக்கியம் என்றார். எப்படி இருக்கிறது என்று எழுது.

அக்கா


ஏப்ரல் 5

அடிப்பாவி,

உனக்குக் கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கிறதா? ‘அக்கா கூப்பிட்டாள், தம்பி பெயரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன வார்த்தையோ என்று எடுக்காமல் விட்டான்.’ இது என் கடிதம்! அழுதுகொண்டே எழுதியது! கூடப் பிறந்தவளிடம் மனசைக் கொட்டினால் அதை அள்ளி அச்சுக்கோக்கிறாயே, நீயெல்லாம் மனுஷியா? கடைசி உயிரெழுத்துவரை அப்படியே வைத்திருக்கிறாய், ‘தம்பி’யைச் சேர்த்து, ‘விட்டேன்’ மட்டும் ‘விட்டான்’. அதுதான் நீ எனக்குச் செய்த தயவு.

உயிருள்ள வாக்கியமாம். உயிர் என்னுடையது!

நன்றாகக் கேட்டுக்கொள். இந்தப் புத்தகம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகும். என் சூப்பர்வைசர் மகள் படிப்பாள். அதுகூடப் போகட்டும். புரூஃபை அம்மா படிப்பாளே! அவள் படிக்காமல் உன் வீட்டிலிருந்து ஒரு பக்கம் வெளியே போனது உண்டா? ஷாஃப்ட் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, மறுபக்கம் அவள் கையிலேயே இதைக் கொடுப்பாயா? பிறகு நான் எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பேன்? இப்போதே மிதிக்க முடியவில்லை.

அந்த வரியை எடு. அம்மா கையில் போகிறதுக்கு முன்னால் எடு. வேறு என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள். நான்கு வேலையை விட்டேன், பத்து வேலையை விட்டேன் என்று போடு. இது மட்டும் வேண்டாம். இந்தக் கடிதத்திலிருந்து எதையாவது எடுத்தாய், நேரே பிரஸ்ஸுக்கு வந்து மிஷினில் கையை விடுவேன்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே அம்மா படித்துவிட்டாள்.

நான் கொடுக்கவில்லை. சத்தியமாக, பீரோவுக்கு மேலே வைத்திருந்தேன். பிசியோதெரபிப் பெண், ‘பாட்டி கேட்டாங்க’ என்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான் காய்கறி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தால் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், மடியில் புரூஃப், கையில் பூதக்கண்ணாடி. “இது யாருக்கு நடந்துச்சு?” என்றாள். “ஷாஃப்டுக்குள்ள இருந்தான்னியே, அங்க பெயரெல்லாம் தெரியுமோ?” என்றாள்.

நீ நினைத்ததுபோல் சுவர் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பினாள். “நீ கூப்பிட்டா எவன்டி எடுப்பான்? ‘தலை போற காரியம்’, ‘தலை போற காரியம்’னு ஊர்ல உள்ள தலையெல்லாம் போகவெச்சே. நீ ‘அம்மா, ஒரு வார்த்தை’ன்னா நானே அடுப்படியில போய் ஒளிஞ்சுக்கிறேன். அவன் தூரத்துல இருக்கான், எடுக்காம ஒளிஞ்சுக்கிட்டான். அவன் எழுதினதை எடுத்துப் புத்தகத்துல போடறியே, வெட்கமா இல்லை?” அரை மணி நேரம். வாக்கர் இல்லாமலே எழுந்து வந்து அடித்துவிடுவாளோ என்று பயந்தேன்.

அதோடு விடவில்லை. உனக்கு நான் எழுதாத ஒன்றை எடுத்துப் போட்டாள். அன்றைக்கு அவள் எதற்குக் குனிந்தாள் தெரியுமா? மின்விசிறிக் காற்றில் என் சொல் சீட்டெல்லாம் மேசையிலிருந்து பறந்து தரையெல்லாம் கிடந்தது. நான் வந்து திட்டுவேனே என்று அவள் பொறுக்கக் குனிந்தாள். ஒரு சீட்டின்மேல் கால் வைத்து வழுக்கினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதுகூட ‘கால் தடுக்கிடுச்சு’ என்றுதான் சொன்னாள். நான் இத்தனை நாளாக உன்மேல் கத்திக்கொண்டே இருந்தது எதனால் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

கடைசியில் பேனாவைக் கேட்டாள். “அவன்மேல தப்பு பாதி, உன்மேல தப்பு பாதி. உடைஞ்சது என் இடுப்பு. அதனால வாக்கியத்தை நான்தான் எழுதுவேன்.”

முதல் அர்த்தத்தில் ‘பந்தைப் பொறுக்கினான்’ என்று நான் சோம்பேறித்தனமாகப் போட்டிருந்ததை ஒரே இழுப்பு. பதிலுக்கு: ‘மகளின் சீட்டுகளைப் பொறுக்கக் குனிந்தாள், விழுந்தாள்.’ அச்சில் அப்படியே வரவேண்டுமாம். என் மானமும் உன் கப்பலிலேயே ஏறட்டும் என்றாள்.

உன் வாக்கியத்தை அடிக்கவில்லை. ‘பெயரைப் பார்த்துவிட்டு’ என்பதையும், ‘இன்றைக்கு என்ன வார்த்தையோ’ என்பதையும் மட்டும் அடித்துவிட்டாள். “அதெல்லாம் அவன் உனக்கு எழுதினது, ஊருக்கு இல்லை.” பிறகு கடைசியில் சேர்த்தாள். சாய்ந்தபடியே எழுதியதால் எழுத்து கோணலாக இருக்கிறது. இப்போது இப்படி நிற்கிறது: ‘அக்கா கூப்பிட்டபோது தம்பி போனை எடுக்கவில்லை. தாமதமாகத்தான் வந்தான், ஆனால் வந்துவிட்டான்.’

நான் விடவில்லை. “அம்மா, இது யாருக்கு நடந்துச்சு? அவன்தான் வரவே இல்லையே. உன் விதி உனக்கு இல்லையா?” என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளை மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

பூதக்கண்ணாடியைத் துணியில் துடைத்துக்கொண்டே, “புத்தகம் எப்போ அச்சாகுது?” என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை என்றேன். “அதுக்குள்ள நடக்கும்” என்றாள். அப்புறம் வாசல் பக்கம் தலையைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

எடிட்டர் பக்கத்தைக் கேட்டு நச்சரிக்கிறார். வியாழன் சாயங்காலம்வரை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நடக்காததை நான் அச்சில் போடமாட்டேன், அதே சமயம் அம்மா எழுதினதை அடிக்க எனக்குக் கை வராது. நான் என்னடா செய்வேன்?

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

கட்டடம் முழுக்க மாடிப்படியில் ஏறட்டும் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். “அப்போ இதுதான் நாலாவதா?” என்றார். இல்லை, லீவு என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை காலை வண்டி. அம்மாவிடம் சொல்லிவிடு. கேட்கிற கேள்வியை அவள் கேட்கட்டும், நான் நேரே பார்த்துப் பதில் சொல்கிறேன்.

ஒன்று மட்டும். இந்தத் தடவை நானே நடந்து வந்து கதவைத் தட்டமாட்டேன். தையல்காரர் மனைவியை அம்மாவுடன் உட்காரவைத்துவிட்டு நீ ஸ்டேஷனுக்கு வா. அந்த அர்த்தத்துக்கு உன்னிடம் வாக்கியம் இல்லை என்றாய். நமக்கு நடந்ததே இல்லை என்று அம்மாவும் சொன்னாள். பிளாட்பாரத்தில் முன்பக்கமாக நில்.

இறங்கியதும் போன் பண்ணுவேன். எடு.

தம்பி